ஓட்டுப் போடும் வயதை 16 ஆக்கலாமா? விவாதத்தைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

ஓட்டுப் போடும் வயதைக் குறைப்பது பற்றிப் பேச்சு எழுந்தாலே, இரு தரப்பும் ஒரே கேள்வியில் போய் முட்டிக்கொள்கின்றன: “பதினாறு வயசுல என்ன பக்குவம் இருக்கும்?” தேவையான கேள்விதான். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் விவாதத்தில் பாதிகூடப் பிடிபடாது. வயது எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள், தேர்தல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, பட்டியலில் பெயர் சேர்ப்பது யார் பொறுப்பு என்பதையெல்லாம் பொறுத்துத்தான், ஒருவர் உண்மையில் எந்த வயதில் முதன்முதலாக வாக்குச்சாவடிக்குள் நுழைகிறார் என்பது அமையும்.

மூன்று வயதுகள், மூன்றும் வேறு

சட்டம் ஒரு குடிமகனுக்கு மூன்று வயதுகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஓட்டுப் போடும் வயது ஒன்று. தேர்தலில் நிற்கும் வயது இன்னொன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் தன் சொத்தைத் தானே விற்கவும் தகுதி தருகிற, ‘மேஜர்’ ஆகும் வயது மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே எண்ணாக இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இந்தியாவில் 18 வயதில் ஓட்டுப் போடலாம். சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ நிற்பதற்கு 25 ஆக வேண்டும். மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவர் பதவிக்கு 35. ஆஸ்திரியாவில் ஓட்டுக்கு 16, நாடாளுமன்றத்துக்கு நிற்க 18. ஜப்பான் 2016-இல் 18 வயதுக்காரர்களை வாக்குச்சாவடிக்கு வரவழைத்தது. ஆனால் சிவில் சட்டப்படி அவர்கள் வயதுவந்தோர் ஆனது 2022 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஆறு ஆண்டும் அங்கே ஓட்டுரிமை உள்ள மைனர்கள் இருந்தார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆகவே “ஸ்கூல் போற பையன் எம்.எல்.ஏ. ஆயிடுவானே” என்ற பயம் இரண்டாவது எண்ணைப் பற்றியது, ஓட்டுப் போடும் வயதைத் தொடாது. மலேசியாவைப் போல இரண்டையும் ஒரே திருத்தத்தில் 18-க்கு இறக்கிய நாடும் உண்டு. அதனால் எந்த முன்மொழிவைப் படித்தாலும் எந்த வயதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

21 எப்படி 18 ஆனது

18 ஏதோ ஆதிகாலத்து எண் போலத் தோன்றும். உண்மையில் அது நேற்று வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலான ஜனநாயக நாடுகளில் 21 அல்லது அதற்கும் மேல். டென்மார்க்கில் 1953-இல் 25-லிருந்து 23-க்கு இறக்கியதே பெரிய மாற்றமாக இருந்தது.

அமெரிக்காவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு வயது வரம்பு எப்படி நகர்கிறது என்பது அதில் நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 நவம்பரில், கட்டாய ராணுவ சேவைக்கான வயதை 18-ஆகக் குறைத்தார்கள். சண்டைக்கு அனுப்ப வயசு போதும் என்றால் ஓட்டுப் போடவும் போதும் என்ற முழக்கம் பிறந்தது. ஜார்ஜியா மாநிலம் 1943-லேயே வயதைக் குறைத்தது. நாடு முழுவதும் அது நடக்க வியட்நாம் போர் வரவேண்டியிருந்தது. 1970-இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலம் எல்லாத் தேர்தல்களுக்கும் 18 என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மத்தியத் தேர்தல்களுக்கு வயதை நிர்ணயிக்கக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு, மாநிலத் தேர்தல்களுக்கு இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

விளைவு வேடிக்கையானது. பெரும்பாலான மாநிலங்களில் 19 வயது வாக்காளர் ஒருவர் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடலாம். அதே நாளில், அதே சாவடியில், அங்கே தேர்தலில் வென்று வரும் மாநில ஆளுநருக்குப் போட முடியாது. அப்படியானால் இரண்டு வாக்காளர் பட்டியல், இரண்டு வகை வாக்குச்சீட்டு, தனித்தனி ஏற்பாடு. செலவையும் குழப்பத்தையும் நினைத்து மாநில அதிகாரிகள் தலையில் கைவைத்தார்கள். 1971 மார்ச்சில் காங்கிரஸ் 26-வது திருத்தத்தை நிறைவேற்றியது. நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதல் ஜூலை 1-க்குள், சுமார் நூறே நாளில், வந்து சேர்ந்தது. அந்நாட்டின் வரலாற்றில் இவ்வளவு வேகமாக எந்தத் திருத்தமும் ஒப்புதல் பெற்றதில்லை. கொள்கைப் பேச்சு முப்பது ஆண்டாக நகர்த்தாததை நிர்வாகத் தலைவலி நூறு நாளில் நகர்த்தியது என்றுதான் எனக்குப் படுகிறது.

மற்ற நாடுகள் வெவ்வேறு வேகத்தில் வந்தன. இலங்கை 1959-லேயே 18-க்கு வந்துவிட்டது. பிரிட்டன் அதற்கான சட்டத்தை 1969-இல்தான் இயற்றியது. இந்தியாவில் 61-வது அரசியல் சட்டத் திருத்தம் 326-வது பிரிவில் இருந்த 21-ஐ 18 ஆக்கி, 1989 மார்ச் 28-இல் நடைமுறைக்கு வந்தது. பாகிஸ்தான் 2002-இல் 18-க்கு வந்தது, தென்கொரியா 2020 தேர்தலுக்கு முன்பு 19-லிருந்து 18-க்கு இறங்கியது. சிங்கப்பூரிலும் லெபனானிலும் இன்றும் 21தான்.

16-க்குப் போன நாடுகளும் இப்போது ஒரு கை விரலுக்குள் அடங்காது. நிகரகுவா 1984, பிரேசில் 1988, ஆஸ்திரியா 2007, ஈக்வடார் 2008, அர்ஜென்டினா 2012, மால்டா 2018. ஸ்காட்லாந்து 2014 விடுதலை வாக்கெடுப்பில் 16 வயதினரைச் சேர்த்துக்கொண்டு, பிறகு தன் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அதை நிரந்தரமாக்கியது. வேல்ஸ் பின்தொடர்ந்தது. பிரிட்டன் முழுவதற்கும், எல்லாத் தேர்தல்களுக்கும் 16 என்று கொண்டுவரப்போவதாக அந்நாட்டு அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. ஜெர்மனியும் பெல்ஜியமும் 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் 16 வைத்தன. கிரீஸ், இந்தோனேசியா இரண்டிலும் 17. எதிர்த்திசையில் போன நாடு அரிது: ஈரான் 15 வயதில் ஓட்டு கொடுத்திருந்து, பின்னர் 18-க்கு ஏற்றியது.

முதல் ஓட்டு எந்த வயதில் விழுகிறது?

விவாதத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கணக்கு இது. ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 18. தேர்தலுக்கு முதல்நாள் 18 முடித்தவர் 18 வயதிலேயே ஓட்டுப் போடுவார். தேர்தலுக்கு மறுநாள் 18 முடிப்பவர் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு 23 ஆக ஒருநாள்தான் குறைவு. பிறந்தநாள்கள் ஆண்டு முழுவதும் சமமாகப் பரவியிருக்கின்றன என்பதால், நாட்டின் முதல்முறை வாக்காளரின் சராசரி வயது இருபதரை. ‘18 வயதில் ஓட்டு’ என்று சட்டம் சொன்னாலும் ஐந்தில் ஒருவருக்குத்தான் 18 வயதில் அது வாய்க்கிறது.

வரம்பை 16 ஆக்கினால்? முதல் ஓட்டு 16-க்கும் 21-க்கும் இடையில் விழும், சராசரி பதினெட்டரை. இதில் 16, 17 வயதில் போடுகிறவர்கள் ஐந்தில் இரண்டு பேர் மட்டுமே. மீதி மூன்று பேர் அப்போதும் 18-ஐத் தாண்டித்தான் முதல் ஓட்டுப் போடுவார்கள். “குழந்தைகள் கையில் ஆட்சி போய்விடும்” என்பவர்களும் சரி, “ஒரு தலைமுறையே பள்ளிப் பருவத்தில் ஓட்டுப் போடப் பழகிவிடும்” என்பவர்களும் சரி, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

பதவிக்காலமும் இதோடு சேர்ந்தது. ஆஸ்திரியா 2007-இல் வயதைக் குறைத்த அதே சீர்திருத்தத்தில் நாடாளுமன்றத்தின் காலத்தை நான்கிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. நான்காண்டுச் சுழற்சியும் 16 வரம்பும் சேர்ந்திருந்தால் முதல் ஓட்டின் சராசரி வயது 18 ஆகியிருக்கும். ஐந்தாக நீட்டியதால் அது அரை ஆண்டு தள்ளிப்போகிறது. ஒரு கையால் கொடுத்ததில் கொஞ்சத்தை மறுகை எடுத்துக்கொண்டது.

பக்குவம்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன

உளவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 11 நாடுகளில், ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட முடிவை இரு தரப்பும் எடுத்தாள்வதுண்டு. பக்குவம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு திறன்கள் அடங்கியிருக்கின்றன. அவசரமும் கூட்டமும் இல்லாமல், உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கும் திறன் சுமார் 16 வயதில் பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. நண்பர்கள் சுற்றி நிற்கும்போதும் உணர்ச்சி கொதிக்கும்போதும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் இருபதுகளில்தான் நிலைப்படுகிறது.

ஓட்டுப் போடுவது எந்த வகை? தேர்தல் தேதி வாரக்கணக்கில் முன்பே தெரியும். யோசிக்க, படிக்க, பேசிப் பார்க்க நேரம் இருக்கிறது. சாவடித் தடுப்புக்குள் தனியாக நின்று முடிவெடுக்க வேண்டும். எனவே முதல் வகை என்பது வயதைக் குறைக்கச் சொல்பவர்களின் வாதம். வாகன ஓட்டலும் மதுவும் இரண்டாவது வகை என்பதால், அவற்றுக்கு வேறு வயது வைப்பதில் முரண்பாடு இல்லை என்றும் சொல்வார்கள். எதிர்த்தரப்பின் பதில்: பிரசாரம் என்பதே உணர்ச்சியைக் கொதிக்கவைக்கும் தொழில், கைபேசித் திரை எந்நேரமும் கூட்டத்தின் நடுவில்தான் வைத்திருக்கிறது, சாவடிக்குள் போகும் முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. இந்தப் பதிலைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது நாற்பது வயதுக்காரருக்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் அதன் சிக்கல்.

நடைமுறையில் பார்த்தவர்களும் உண்டு. ஆஸ்திரியாவில் 2009 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டி, வாக்காளர்களிடம் அவர்களின் கொள்கை நிலைப்பாட்டையும் தேர்ந்தெடுக்கும் கட்சியையும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒப்பிட்டார்கள். 16, 17 வயதினரிடம் அந்தப் பொருத்தம் மூத்தவர்களைவிடக் குறைவாக இல்லை. நார்வே 2011-இல் 20 நகராட்சிகளில் மட்டும் 16 வயதினருக்கு ஓட்டுக் கொடுத்துச் சோதனை செய்தது. அங்கே கிடைத்த முடிவு வேறு: அரசியல் ஆர்வமும் கருத்துத் தெளிவும் 18 வயதினரைவிட 16 வயதினரிடம் குறைவாக இருந்தன, ஓட்டுரிமை கொடுத்ததால் அவை கூடிவிடவும் இல்லை. உரிமை கொடுத்தால் பொறுப்பு தானாக வரும் என்ற நம்பிக்கைக்கு இது ஓர் அடி. 2015-இல் இன்னொரு சோதனை நடத்திய பிறகும் நார்வே வரம்பை நிரந்தரமாகக் குறைக்கவில்லை.

“அப்பா சொல்ற கட்சிக்குத்தானே போடுவான்” என்பதும் அடிக்கடி வரும் வாதம். ஸ்காட்லாந்தில் 2014 வாக்கெடுப்புக்கு முன் இளைஞர்களிடமும் அவர்களின் பெற்றோர் ஒருவரிடமும் கேட்டபோது, நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பெற்றோரிலிருந்து வேறுபட்ட முடிவில் இருந்தார்கள்.

இவ்வளவு ஆய்வையும் அடுக்கிய பிறகு ஒன்று சொல்ல வேண்டும்: வயது வரம்பு பக்குவத்தை அளக்கும் கருவி அல்ல. அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றால் பெரியவர்களையும் அளக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு வைத்து ஓட்டுரிமை கொடுத்தார்கள். தேர்வை நடத்தும் அதிகாரி யாரை ஃபெயில் ஆக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்ததால், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தத் தேர்வுகளுக்கு 1965 வாக்குரிமைச் சட்டம்தான் முடிவு கட்டத் தொடங்கியது. பிறந்த தேதியை வைத்துக் கோடு போடுவதன் பலமே, எதிரில் நிற்பவர் யார் என்று அது பார்ப்பதில்லை என்பதுதான். ஆகவே கோடு எங்கே போட்டாலும் அது ஓரளவு தன்னிச்சையானதாகவே இருக்கும். 18-உம் அப்படித்தான், 16-உம் அப்படித்தான். “அப்படியானால் 14 ஏன் கூடாது?” என்ற கேள்விக்கு 16-ஐ ஆதரிப்பவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன யோசிக்கும் திறன் பற்றிய ஆய்வும், பல நாடுகளில் கட்டாயக் கல்வி முடிகிற வயது அது என்பதும்தான் அவர்கள் கையில் இருக்கும் நல்ல பதில்கள்.

ஆதரவில் வலுவானது எது?

வரி கட்டுகிறார்கள், அதனால் ஓட்டு வேண்டும் என்பது பலவீனமான வாதம். மிட்டாய் வாங்கும் ஆறு வயதுக் குழந்தையும் மறைமுக வரி கட்டுகிறது. வருமான வரியே கட்டாத கோடிக்கணக்கான பெரியவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ராணுவ வாதம் 21-லிருந்து 18-க்கு வரும்போது பலமாக இருந்தது, ஏனென்றால் அமெரிக்காவில் கட்டாயமாகப் போருக்கு அனுப்பினார்கள். 16-க்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. பிரிட்டனில் பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் படையில் சேரலாம் என்றாலும் 18-க்கு முன் போர்முனைக்கு அனுப்புவதில்லை.

என் பார்வையில் கனமானது பழக்கம் பற்றிய வாதம். முதல் இரண்டு மூன்று தேர்தல்களில் ஓட்டுப் போட்டவர் பிறகும் போடுகிறார். தவறவிட்டவர் தொடர்ந்து தவறவிடுகிறார் என்பது அரசியல் ஆய்வில் பல காலமாக அறிந்த செய்தி. இதை வைத்து மார்க் ஃபிராங்க்ளின் என்ற ஆய்வாளர் சங்கடமான ஒரு முடிவுக்கு வந்தார்: வரம்பை 21-லிருந்து 18-க்கு இறக்கியதே பல நாடுகளில் வாக்குப்பதிவு சதவீதம் சரிந்ததற்கு ஒரு காரணம். 18-இலிருந்து 22 வரை என்பது ஊரைவிட்டுக் கிளம்பும் வயது. கல்லூரி விடுதி, முதல் வேலை, புது நகரம். பெயர் பழைய முகவரியில், ஆள் வேறு ஊரில், உள்ளூர் வேட்பாளர் யாரென்றே தெரியாது. முதல் ஓட்டு விழுவதற்கு இதைவிட மோசமான பருவம் கிடைக்காது. 16 வயதிலோ பெரும்பாலானவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளியில் இருக்கிறார்கள், வீட்டிலுள்ளவர்கள் சாவடிக்குப் போகும்போது கூடப் போகிறார்கள்.

ஆஸ்திரியாவின் வியன்னாவிலும் கிரெம்ஸ் நகரிலும் யார் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்று குறிக்கப்பட்ட அதிகாரபூர்வப் பட்டியலையே எடுத்து ஆய்ந்தபோது, 16, 17 வயதினர் 18 முதல் 20 வயதினரைவிட அதிக விகிதத்தில் வந்திருந்தது தெரிந்தது. அதிகாரபூர்வப் பட்டியல் என்பது முக்கியம். கருத்துக்கணிப்பில் கேட்டால், போடாதவர்களில் பலரும் போட்டதாகவே சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் 16 வயதில் உரிமை பெற்றவர்கள் இருபதுகளிலும் அதிகமாக ஓட்டுப் போடுவதாக 2021 தேர்தலை ஒட்டிய ஆய்வு காட்டியது. எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பள்ளியில் குடிமையியல் எப்படி நடத்தப்படுகிறது, பெயர் எப்படிப் பட்டியலுக்கு வருகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

எதிர்ப்பில் வலுவானது எது?

“சின்னப் பசங்க” என்பதல்ல. பாதுகாப்பும் உரிமையும் ஒரே வயதில் கைமாற வேண்டும் என்ற வாதம்தான் கனமானது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை பொதுவாக 18-க்குக் கீழ் உள்ளவரைக் குழந்தை என்கிறது. பல நாடுகளில் சட்டம் இப்போது பாதுகாப்பு வயதை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் இருந்த திருமண அனுமதியை 2023 பிப்ரவரியில் 18-க்கு உயர்த்தினார்கள். சிகரெட் வாங்கும் வயதை 2007-லேயே 16-லிருந்து 18 ஆக்கியிருந்தார்கள். தன் திருமணத்தைத் தீர்மானிக்க வயது போதாது, நாட்டின் அரசைத் தீர்மானிக்கப் போதும் என்றால் அதற்கு விளக்கம் தேவை. விளக்கம் இல்லாமல் இல்லை: திருமணத்தில் தவறினால் அந்த ஒருவர் முழுவதுமாக மாட்டிக்கொள்கிறார், ஓட்டில் தவறினால் லட்சத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஆனால் ஓட்டுரிமை வந்ததும், “ஓட்டே போடுகிறான், குற்றம் செய்தால் பெரியவனாக ஏன் விசாரிக்கக் கூடாது?” என்று அடுத்த குரல் எழும். 16-ஐ ஆதரிக்கும் குழந்தை உரிமை அமைப்புகள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

எத்தனை ஓட்டு, யாருக்கு லாபம்?

மக்கள்தொகை நிலையாக உள்ள நாட்டில் 18-லிருந்து 80 வரை, வயதுக்கு ஒன்றாகச் சுமார் அறுபது பிரிவுகள் ஓட்டுப் போடுகின்றன. 16, 17 என்று இரண்டு பிரிவுகள் கூடினால் 62-இல் 2, அதாவது மூன்று சதவீதத்தை ஒட்டி. இளைஞர் மிகுந்த நாட்டில் இன்னும் கொஞ்சம் கூடும், முதியோர் மிகுந்த நாட்டில் குறையும். அந்த மூன்று சதவீதமும் ஒரே பக்கம் விழாது. 60-க்கு 40 என்று பிரிந்தாலும் நிகர விளைவு 0.6 சதவீதப் புள்ளிதான். நூலிழையில் முடிகிற தொகுதிகளில் அது தீர்மானிக்கும். மற்ற இடங்களில் தெரியக்கூட தெரியாது.

யாருக்கு லாபம் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்த கதையும் உண்டு. நாடு முழுவதும் 18 வயதினர் முதன்முதலாகப் பங்கேற்ற 1972 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், போருக்கு எதிரான ஜார்ஜ் மெக்கவர்னுக்கு இளைஞர் அலை இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ரிச்சர்ட் நிக்சன் 50-இல் 49 மாநிலங்களை வென்றார்.

எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

சாதாரணச் சட்டத்தில் இருந்தால் நாடாளுமன்றப் பெரும்பான்மை போதும், பிரிட்டன் அப்படி. அரசியல் சட்டத்தில் இருந்தால் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். ஜெர்மனி ஐரோப்பியத் தேர்தலுக்கு மட்டும் வயதைக் குறைத்துவிட்டு உள்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கு 18-லேயே நிற்பது இதனால்தான். முதலாவதுக்குச் சட்டத் திருத்தம் போதும், இரண்டாவதுக்கு அடிப்படைச் சட்டம் எனப்படும் அந்நாட்டு அரசியல் சட்டத்தையே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மாற்ற வேண்டும். நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில், 18 என்ற வரம்பு வயது அடிப்படையிலான பாகுபாட்டுக்கு எதிரான உரிமையோடு ஒத்துப்போகவில்லை என்று அறிவித்தது. வரம்பு அதனால் மாறிவிடவில்லை. அந்த விதியைத் தொட 75 சதவீத உறுப்பினர்களோ பொது வாக்கெடுப்போ வேண்டும். நீதிமன்றத்தால் செய்ய முடிந்தது சுட்டிக்காட்டுவது மட்டுமே.

பொது வாக்கெடுப்பு என்றால் கஷ்டம் வேறு மாதிரி. ஓட்டுரிமை இல்லாதவருக்கு அது வேண்டுமா என்று ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் கேட்கிறோம். டென்மார்க் மக்கள் 1969-இல் 18-ஐ நிராகரித்து, 1978-இல்தான் ஏற்றார்கள். லக்சம்பர்க்கில் 2015-இல் 16 வயது யோசனையை எண்பது சதவீதம் பேர் மறுத்தார்கள். தைவானில் 2022 நவம்பரில் நடந்தது இன்னும் விசித்திரம். 20-ஐ 18 ஆக்கும் திருத்தத்துக்கு ஆதரவாக சுமார் 56 லட்சம், எதிராக சுமார் 50 லட்சம் ஓட்டுகள். ஆதரவுதான் அதிகம், ஆனாலும் திருத்தம் தோற்றது. பதிவான ஓட்டில் அல்ல, தகுதியுள்ள மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல், அதாவது 96 லட்சத்துக்கும் மேல் ஆதரவு வேண்டும் என்பது அங்குள்ள விதி.

பட்டியலில் பெயர்: சறுக்குகிற இடம்

சட்டம் மாறிய பிறகும் உரிமை கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். வயது எந்த நாளில் முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். ஆஸ்திரியாவில் வாக்குப்பதிவு நாளன்று 16 முடிந்திருந்தால் போதும். இந்தியாவில் தகுதி நாள் என்று ஒன்று உண்டு. நெடுங்காலம் அது ஜனவரி 1 மட்டுமே. ஜனவரி 2 அன்று 18 முடித்தவர், மே மாதத்தில் தேர்தல் வந்தாலும் ஓட்டுப் போட முடியாது. தேர்தல் சட்டங்களில் 2021-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாள்கள் வந்தன. 17 முடிந்தவர் பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பமான படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். வயது நிறைவடையும் காலாண்டில் பெயர் ஏறும். ஓட்டுப் போடும் வயதில் ஒரு நாள்கூடக் குறைக்காமலே, ஏராளமான இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பைக் குறைத்த மாற்றம் இது.

மலேசியா இதன் மறுபக்கம். அங்கே 2019-இல் நாடாளுமன்றம் 21-ஐ 18 ஆக்கியபோது, தானாகவே பெயர் பதிவாகும் முறையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பரில். வாக்காளர் எண்ணிக்கை 2018-இல் இருந்த சுமார் 1.49 கோடியிலிருந்து 2022 பொதுத்தேர்தலில் 2.11 கோடிக்குத் தாவியது. கூடியவர்களில் பெரும்பகுதி 18 வயதுக்காரர்கள் அல்ல. ஏற்கெனவே 21-ஐத் தாண்டியும் விண்ணப்பம் போடாமல் இருந்தவர்கள். செய்திகளில் வயதுக் குறைப்பு பெரிதாகப் பேசப்பட்டது, எண்ணிக்கையை உயர்த்தியது பதிவு முறை.

பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் 18-லிருந்து ஓட்டுக் கட்டாயம், 16, 17 வயதில் விருப்பம். பிரேசிலில் இளைஞர் தாமாகப் போய்ப் பதிவு செய்தால்தான் வாக்காளர் அட்டை கிடைக்கும் என்பதால், தேர்தல் ஆண்டுகளில் பதிவுக்கான கடைசித் தேதியை நினைவூட்டியே தனியாகப் பிரசாரம் செய்கிறார்கள்.

வரம்பு 16 என்றால் அதற்கு முன்பே பதிவைத் தொடங்கியாக வேண்டும். அப்போது 14, 15 வயதுப் பிள்ளைகளின் பெயரும் முகவரியும் அரசுப் பட்டியலுக்குள் வருகின்றன. வாக்காளர் பட்டியலோ பல நாடுகளில் பொது ஆவணம். கட்சிகள் வாங்கும், சில இடங்களில் வணிக நிறுவனங்களும் வாங்கும். ஸ்காட்லாந்தில் 14 வயதிலேயே பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் 16-க்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைப் பொதுவில் வெளியாகும் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று 2015 சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வயதைக் குறைக்கும் மசோதா எதையாவது படிக்க நேர்ந்தால், 16 என்ற எண் வரும் பிரிவைப் பார்த்த கையோடு இதற்கான பிரிவு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.